அக்குபங்சர்: சீனத்து ஊசி வேலை செய்வது எப்படி?

நம் தொம்மலூர்ப் பக்கத்தில் முழங்கால் வலி இல்லாத பெரியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். காலை நடைக்கு வருகிறவர்களின் பேச்சில் பாதி மூட்டுவலி. மீதி, அதற்கு யார் யாரிடம் என்ன வைத்தியம் செய்துகொண்டார்கள் என்பது. இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் அக்குபங்சர். "ஊசி குத்தினால் வலி போய்விடுகிறதாம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் மனப்பிராந்தி" என்பார் இன்னொருவர். "நீங்கள் இன்ஜினீயர் ஆயிற்றே, அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்களேன்" என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. ரயில்வேயில் சிக்னல் பகுதியில் காலம் தள்ளியவனுக்கு வைத்தியம் பேச என்ன யோக்யதை என்று அன்பர்கள் நினைக்கலாம். ஆனால் இந்தச் சீன வைத்தியத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது பாதி வைத்தியம், பாதி லைன் டயக்ராம் என்றுதான் எனக்குத் தோன்றியது. லைன் டயக்ராம் எனக்குப் பழகிய விஷயம்.

முதலில் இது நம் நாட்டுக்கு வந்த கதை. 1946இல் வெளியான 'டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி' என்ற ஹிந்திப் படத்தைப் பற்றி மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சாந்தாராம் தாமே டைரக்ட் செய்து டாக்டராகவும் நடித்த படம். ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்திருந்த சமயம், 1938 செப்டம்பரில், நம் காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்கள் கொண்ட குழு ஒன்றைப் பம்பாயிலிருந்து கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பியது. அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி ஆகியோர் அந்த ஐவர். சோலாப்பூர்க்காரரான கோட்னிஸ் யுத்தகளத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, ஒரு சீன நர்ஸை மணந்து, 1942 டிசம்பரில் 32 வயதில் அங்கேயே காலமானார்.

படம் அவரோடு முடிந்துவிடுகிறது. அக்குபங்சரின் கதை, குழுவில் இருந்த இன்னொருவரிடமிருந்து ஆரம்பிக்கிறது. கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு 1943இல் ஊர் திரும்பினார். 1950களின் இறுதியில் மறுபடி சீனா சென்று ஊசி வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு, கல்கத்தாவில் அதை ஆரம்பித்தவர் அவர்தான். அலோபதி படித்த டாக்டர் ஒருவர் அந்தக் காலத்தில் இதைத் துணிந்து கையில் எடுத்தது சாமானியம் அல்ல. பிற்பாடு கோட்னிஸ் பெயரில் லூதியானாவில் அக்குபங்சர் ஆஸ்பத்திரியே ஏற்பட்டது. மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டம் செய்தது. மத்திய அரசு 2003இல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, 2019இல் தனி மருத்துவ முறை என்ற அங்கீகாரமும் அளித்தது. தெற்கே, கொழும்பில் டாக்டர் அன்டன் ஜயசூரிய களுபோவில அரசு ஆஸ்பத்திரியில் நடத்திய வகுப்புகளிலும் பலர் இதைக் கற்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊசி என்றதும் டாக்டர் போடும் இஞ்செக்ஷனை நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்த ஊசி முக்கால் மில்லிமீட்டர் பருமன் இருக்கும், நடுவில் துவாரம் உண்டு. இது கால் மில்லிமீட்டர்தான். துவாரமில்லாத கெட்டியான துருப்பிடிக்காத இரும்புக் கம்பி. உள்ளே எந்த மருந்தும் போவதில்லை. குத்தி, லேசாகத் திருகி, இருபது முப்பது நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். சீனர்கள் இதனுடன் சூடு வைப்பதையும் சேர்த்தே சொல்வார்கள். மாசிபத்திரி வகையைச் சேர்ந்த இலையைக் காயவைத்துத் திரித்து, சுருட்டு மாதிரி உருட்டி, புள்ளிக்கு அருகில் காட்டி அனலேற்றுவது அது.

மருந்தே இல்லாமல் நோய் எப்படிக் குணமாகும்? சீனர்கள் சொல்லும் காரணம் இது. உடம்பில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் சக்திக்கு 'ச்சி' என்று பெயர். இதை நம் வீட்டில் உரக்கச் சொன்னால் வேறு அர்த்தமாகிவிடும். ஆகவே நாம் பிராணன் என்றே வைத்துக்கொள்வோம். கருத்தும் ஏறக்குறைய அதுதான். பிராணன் தடையில்லாமல் ஓடினால் ஆரோக்கியம். எங்கேயாவது தேங்கினால் வலி, குறைந்தால் பலவீனம். ஊசியின் வேலை தேங்கியதை ஓட வைப்பது, குறைந்த இடத்துக்குத் திருப்பி விடுவது. அவ்வளவுதான் சித்தாந்தம்.

அவர்களுக்கும் பூதங்கள் ஐந்து. ஆனால் காற்றும் ஆகாயமும் அதில் இல்லை. அவற்றுக்குப் பதில் மரமும் உலோகமும். மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண்ணிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து நீர், நீரால் மறுபடி மரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பு. மரத்துக்குக் கல்லீரல், நெருப்புக்கு இதயம், உலோகத்துக்கு நுரையீரல், நீருக்குச் சிறுநீரகம். மண்ணுக்கு எது தெரியுமா? மண்ணீரல்! சீனருக்கும் நமக்கும் இந்தப் பெயர்ப் பொருத்தம் எப்படி வாய்த்ததோ, ரசிக்கத்தான் வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்க நாக்கைப் பார்ப்பார்கள்; பிறகு கையைப் பிடித்து நாடி பார்ப்பார்கள். நம் சித்த வைத்தியரும் மூன்று விரல் வைத்துத்தான் வாதம், பித்தம், ஐயம் பார்க்கிறார். சீன வைத்தியரும் அதே மூன்று விரல்தான் வைக்கிறார். ஆனால் இரண்டு கையிலும் பார்ப்பார். ஒவ்வோர் இடத்திலும் லேசாகத் தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. மூன்று இடம், இரண்டு ஆழம், இரண்டு கை: ஆக 12 நாடி. ஏன் 12 என்றால், பிராணன் ஓடும் பிரதான லைன்கள் 12.

இந்த லைன்களின் அமைப்பைப் பார்த்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதல் லைன் நுரையீரலுடையது. மார்பில் புறப்பட்டுக் கை வழியாக இறங்கிக் கட்டை விரலில் முடிகிறது. அங்கே பெருங்குடல் லைன் சார்ஜ் எடுத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலிலிருந்து முகத்துக்கு ஏறுகிறது. அடுத்தது வயிற்று லைன். முகத்திலிருந்து பாதம் வரை டவுன். பாதத்தில் மண்ணீரல் லைன் ஏற்றுக்கொண்டு மறுபடி மார்புக்கு அப். இப்படி மார்பு, கை, முகம், பாதம், மார்பு என்று ஒரு சுற்று. மூன்று சுற்று சுற்றினால் 12 லைனும் முடிந்து, பிராணன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். சுற்று முடிய 24 மணி நேரம். லைனுக்கு இரண்டு மணி. விடியற்காலை 3 முதல் 5 வரை நுரையீரல், 5 முதல் 7 வரை பெருங்குடல், 7 முதல் 9 வரை வயிறு என்று டைம்டேபிளே உண்டு. லேட் என்ற பேச்சே கிடையாது!

ஒவ்வொரு லைனிலும் ஸ்டேஷன்கள், அதாவது ஊசி குத்தும் புள்ளிகள். நுரையீரல் லைனில் 11, பெருங்குடலுக்கு 20, வயிற்றுக்கு 45. இதயத்துக்கு 9 மட்டுமே. கண் ஓரத்தில் புறப்பட்டுத் தலையைச் சுற்றி முதுகில் இறங்கிக் கால் சுண்டுவிரல் வரை போகும் மூத்திரப்பை லைனுக்கு 67. இதுதான் மெயின் லைன். உடம்புக்கு இரண்டு பக்கம் ஆனதால் எல்லாம் டபிள் லைன். பன்னிரண்டின் புள்ளிகளையும் கூட்டினால் 309. இவை தவிர உடம்பின் நட்டநடுவே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சிங்கிள் லைன். அவற்றில் 24ம் 28ம். மொத்தம் 361. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணக்கும் இதுவே.

பெருங்குடல் லைனில் ஒரு வேடிக்கை. இடது கையிலிருந்து ஏறுவது மேலுதட்டின் நடுவில் வலப்பக்கம் தாண்டுகிறது. வலது கையுடையது இடப்பக்கம் தாண்டுகிறது. நம் ரயில்வேயில் டைமண்ட் கிராசிங் என்போமே, அதேதான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள சதைப்பற்றில் குத்தினால் பல்வலி குறையும் என்று அவர்கள் சொல்வதற்குக் காரணமும் இந்த லைன் முகத்துக்குப் போவதுதான். இன்னொரு லைனின் பெயர் 'மூன்று அடுப்பு'. அது எந்த உறுப்பு என்று தேடிப் பயனில்லை. பெயர் உண்டு, உருவம் இல்லை என்று அவர்களுடைய பழைய நூலே சொல்லிவிட்டது.

புள்ளியை அளக்கும் முறை நமக்குப் புதிதல்ல. நோயாளியின் கட்டை விரல் அகலம் ஒரு 'சுன்'. நான்கு விரல் சேர்ந்தால் மூன்று சுன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, ஆள் குட்டையோ நெட்டையோ, 12 சுன். அளவுகோல் அவரவர் உடம்பிலேயே இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களும் இப்படித்தான் விரற்கடைக் கணக்கில் இடம் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. அங்கே ஊசி கிடையாது. விரலால் தட்டுவதும் தடவுவதும் அமர்த்துவதும்தான். இரண்டுக்கும் மூலம் ஒன்றா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

இவ்வளவு அழகான வரைபடம் நிஜந்தானா என்பதுதான் கேள்வி. உடம்பை அறுத்துப் பார்த்தால் ரத்தக்குழாய் தெரியும், நரம்பு தெரியும். இந்த 12 லைன்களைப் போல ஒரு குழாயோ கம்பியோ தெரிவதில்லை. வரைபடத்தின் சரித்திரத்தைப் பார்த்தாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 1973இல் சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில் தோண்டியெடுத்த கல்லறையில் பட்டுத் துணியில் எழுதிய வைத்தியக் குறிப்புகள் கிடைத்தன. கி.மு. 168இல் மூடிய கல்லறை அது. அதில் லைன்கள் 11தான். புள்ளிகளோ ஊசியோ கிடையாது. அதன் பின் வந்த மூல நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்'கில் லைன் 12 ஆகிவிட்டது. புள்ளிகள் 365 என்று, வருஷத்தின் நாட்களுக்குச் சமமாக அந்நூல் சொல்கிறது. ஆனால் பெயர் சொல்லிக் காட்டுவது சுமார் 160. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி எழுதிய நூலில் 349. 1027இல் வாங் வெய்யி என்பவர் அரசருக்காக ஆள் உயரத்தில் வெண்கலப் பொம்மை வார்த்து, புள்ளி இருக்கும் இடத்தில் எல்லாம் துளை போட்டார். அதில் 354. மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கும்போது பொம்மைக்கு மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் நிரப்பி விடுவார்களாம். சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் கசியும். இல்லையென்றால் ஊசி வளையும். டிரெயினிங் ஸ்கூலில் இதைவிடக் கண்டிப்பான பரீட்சையை நான் பார்த்ததில்லை.

நம் காலத்தில், 2003 முதல் சில வருடங்கள், சீனா, ஜப்பான், கொரியா மூன்று தேசத்து நிபுணர்களும் கூடிப் புள்ளிகளின் இடத்தை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தார்கள். 361இல் 92 புள்ளிகளுக்கு அவர்களுக்குள் அபிப்ராய பேதம்! பேசிப் பேசித் தீர்த்தும் கடைசியில் 6 பாக்கி நின்றது.

இதை வைத்து, எல்லாம் பொய் என்று தள்ளிவிடுவது அவசரம். ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் உள்ள பேனலைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஜோலார்பேட்டை யார்டு நேர்கோடாக இருக்கும். வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. தரையில் போய்ப் பார்த்தால் அப்படியா இருக்கிறது? ஆனாலும் அதை வைத்துத்தான் வண்டி விடுகிறோம். வரைபடம் தரையைப் போல இல்லை என்பதால் வண்டி ஓடவில்லை என்றாகாது. வண்டி ஓடுகிறது என்பதால் வரைபடத்தின் கோடெல்லாம் தரையில் இருக்கிறது என்றும் ஆகாது. ஆகவே ஊசி குத்தினால் உடம்பில் என்ன நடக்கிறது என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மேல்நாட்டார் அப்படிப் பார்க்க ஆரம்பித்தது ஒரு குடல்வால் ஆபரேஷனால். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங்கில் இருந்தபோது அவருக்கு அவசர ஆபரேஷன் செய்யும்படி ஆயிற்று. ஊசியால் மரக்கச் செய்து அறுத்தார்கள் என்று பலர் இன்றும் சொல்வது தவறு. வழக்கமான மயக்க மருந்துதான். மறுநாள் இரவு வயிற்று உப்புசத்தால் அவதிப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மூன்று ஊசி குத்தினார்கள், உபாதை குறைந்தது. அதை அவர் பத்திரிகையில் எழுதியதும் அமெரிக்காவே பேச ஆரம்பித்துவிட்டது.

அதற்குக் கொஞ்சம் முன், 1965இல், மெல்ஸாக், வால் என்ற இருவர் வலியைப் பற்றி ஒரு கொள்கை சொல்லியிருந்தார்கள். அதன் பெயரே கேட் கொள்கை. முதுகுத்தண்டில் ஒரு லெவல் கிராசிங் கேட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலிச் செய்தி மெல்லிய நரம்பிழைகள் வழியாக வருகிறது. தொடுதல், அழுத்தம் போன்றவை தடித்த இழைகளில் வேகமாக வருகின்றன. தடித்த இழையின் போக்குவரத்து அதிகமானால் வலிக்குக் கேட் சாத்தப்படுகிறது. இடித்துக்கொண்ட இடத்தை நாம் உடனே தேய்த்துக்கொள்கிறோமே, அது இந்தக் கேட்டைச் சாத்தத்தான். ஊசி எழுப்பும் உணர்ச்சியும் இந்த வேலையைச் செய்யலாம்.

இரண்டாவது, உடம்பு தானே தயாரிக்கும் அபின் போன்ற பொருள்கள். 1975இல் இவற்றை முதலில் கண்டுபிடித்தார்கள். அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தால், ஊசியால் குறைந்த பல்வலி திரும்பி வந்துவிடுகிறது என்று 1977இல் மேயர் முதலானோர் காட்டினார்கள். அப்படியானால் ஊசி அந்த அபினைச் சுரக்க வைத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, 2010இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலியின் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தித் திருகியபோது, அந்த இடத்திலேயே அடினோசின் என்ற பொருள் பல மடங்கு அதிகமாகி வலியை அடக்குவதைப் பார்த்தார்கள். ஆக, மனப்பிராந்தி என்று ஒரே வார்த்தையில் தள்ள முடியாது. எலிக்கு ஏது பிராந்தி?

என் மனைவிக்கு முழங்காலுக்கு இந்த வைத்தியம் செய்தபோது நானும் கூட இருந்தேன். டாக்டர் ஊசியைத் திருகிவிட்டு, "அம்மா, கனமா இருக்கா?" என்றார். "ஆமாம் டாக்டர், மரத்துப்போன மாதிரி கீழே இறங்குது" என்றாள். "அதுதான் வேணும்" என்றார் அவர். இந்தக் கனத்தைச் சீனர்கள் பிராணன் வந்து சேர்ந்ததன் அடையாளம் என்பார்கள். நரம்பு விழித்துக்கொண்டது என்பார் இங்கிலீஷ் டாக்டர். பத்து தடவைக்குப் பிறகு மாடிப்படி ஏறுவது சுலபமாயிற்று. கூடவே தொடைத் தசைக்கு டாக்டர் சொன்ன பயிற்சியையும் அவள் விடாமல் செய்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் என் வீட்டுக் கதை அத்தாட்சி ஆகாது. ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு முறைப்படி சரியான புள்ளியில் ஊசி. இன்னொரு பகுதியினருக்குப் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகப் போலி ஊசி. மூன்றாவது பகுதியினருக்கு மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குணம் தெரிந்தவர்கள் முதல் பகுதியில் 47.6 சதவீதம், போலி ஊசியில் 44.2, வழக்கமான வைத்தியத்தில் 27.4.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கமான வைத்தியத்தைவிட ஊசி நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் சரியான புள்ளிக்கும் தவறான இடத்துக்கும் வித்தியாசம் 3.4தான்! வெண்கலப் பொம்மையில் தண்ணீர் கசிய வைத்த அத்தனை படிப்புக்கும் கிடைத்த கூடுதல் லாபம் அவ்வளவே. பின்னால், 39 சோதனைகளில் பங்கெடுத்த 20,827 நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்டதிலும் இதே கதைதான். முதுகு, கழுத்து, முழங்கால், தலைவலி போன்ற நாள்பட்ட வலிகளில் ஊசிக்குப் பலன் உண்டு. போலி ஊசியைவிட அசல் கொஞ்சம் மேல், ஆனால் கொஞ்சம்தான். என் தீர்ப்பு இது: வேலை செய்வது ஊசியும், நரம்பும், அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து அக்கறையாகக் கவனிக்கும் வைத்தியரும். லைன் டயக்ராமின் பங்கு சிறிது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தை முழுசாக நம்பிவிட்டால், சிறுநீரக லைனில் குத்தினால் சிறுநீரகம் சரியாகும், மண்ணீரல் லைனில் குத்தினால் சர்க்கரை இறங்கும் என்று நினைப்பது அடுத்த படி. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அப்படித்தான் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். "இனி மாத்திரை வேண்டாம், பிராணன் பார்த்துக்கொள்ளும்" என்று ஓரிடத்தில் சொன்னார்களாம். நான்கு மாதம் கழித்துக் கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு விரல் போயிற்று. வலியில் கிடைத்த நல்ல பெயரைச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் செலவழிக்கக் கூடாது. வலிக்கும்கூட, அது எதனால் என்று முதலில் டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டைச் சாத்தினால் வண்டி நிற்கும். தண்டவாள விரிசல் சரியாகாது.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது சில. ஊசி ஒருவருக்கு ஒரு தடவைதான். உங்கள் கண்ணெதிரே உறையைப் பிரிக்க வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமி பரவும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோள்பட்டையிலும் மார்பிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட்டுக் காற்று கசிந்த கேஸ்கள் உண்டு. ஆகவே உடற்கூறு முறையாகப் படித்தவரிடம்தான் போக வேண்டும்.

ஊசியே வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நீட்டுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் அளந்தால், நடுவில் இரண்டு தசைநார்கள் தெரியும். அவற்றுக்கு இடையில் உள்ள பள்ளம். சீனர்கள் இதை நெய்குவான் என்பார்கள். 1980களில் பெல்ஃபாஸ்டில் மயக்க மருந்து டாக்டரான டண்டி இதைச் சோதித்து, ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டல் குறைவதைக் காட்டினார். அதன்பின் பல தேசங்களில் சோதித்தும் அது நின்றிருக்கிறது. விரலால் அழுத்தினாலும் பலன் உண்டு. இதற்கென்றே உள்பக்கம் பொத்தான் வைத்த கைப்பட்டையும் கடைகளில் கிடைக்கிறது.